ரோஸ் சென்ட் போட்டால் ஏன் கல்யாண வீட்டு வாசம் வருகிறது?

முதல் தடவை ரோஸ் சென்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன அன்று, பக்கத்து சீட்டு அண்ணன் மூக்கை உறிஞ்சிவிட்டு, "என்ன மாப்ள, யாருக்குக் கல்யாணம்?" என்றார். எதிரே இருந்த அக்காவுக்குக் கொஞ்சம் இளகிய மனசு, "ரோஸ் மில்க்கை மேலே ஊத்திக்கிட்டியா சாமி?" என்பதோடு விட்டுவிட்டார். மத்தியானம் சாப்பிடும் இடத்தில் ஒருத்தர் சாவு வீடு வரைக்கும் போய்விட்டார். ஆயிரத்து நானூறு ரூபாய் கொடுத்து வாங்கிய பாட்டில். சாயங்காலம் அதை பீரோவுக்குள் தள்ளியவன் ஆறு மாதம் தொடவில்லை.

இப்போது யோசித்தால் மூன்று பேர் சொன்னதும் சரிதான். தப்பு என்னுடையது, அதுவும் இரண்டு தப்பு. எந்த ரோஜாவை வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கினேன், சேலத்துச் சித்திரை வெயிலில் எவ்வளவு போட வேண்டும் என்று தெரியாமல் போட்டேன். முதல் பாட்டில் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டு, கடையில் பத்துக் காகித அட்டையை மோந்து பார்த்துக் குழம்பி நிற்கிறவர்களுக்காக, எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

நம் ஊர் மூக்குக்கு ரோஜா வாசனை முதலில் அறிமுகமாவது பெரும்பாலும் பன்னீரில்தான், பூவெல்லாம் அப்புறம். மண்டப வாசலில் மேசை, அதில் சந்தனக் கிண்ணம், குங்குமம், கற்கண்டு, பக்கத்தில் கழுத்து நீண்ட வெள்ளிப் பன்னீர்ச் செம்பு. பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் எட்டாத கையை எட்டி நம் முகத்தில் தெளிப்பாள், பாதி மூக்குக் கண்ணாடியில் விழும். அதே பன்னீர்தான் கடைசி ஊர்வலத்திலும் தெளிக்கப்படுகிறது, வழியெல்லாம் இறைபடுவதும் ரோஜா இதழ்தான். ஆக, சாவு வீடு என்று சொன்னவர் மூக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. எந்த வாசனையை எங்கே முதலில் மோந்தோமோ அந்த இடத்தோடு சேர்த்துத்தான் மூக்கு அதை முடிந்து வைத்திருக்கும்.

சரி, பன்னீரில் என்னதான் இருக்கிறது? ரோஜா இதழைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் வருகிற நீர் அது. கடையில் கிடைக்கும் பாட்டில் பன்னீர் பலவும் தண்ணீரில் எசன்ஸ் கலந்ததுதான் என்றாலும் மூலம் இதுதான். ரோஜா வாசனை என்பது ஒற்றைப் பொருள் கிடையாது. முந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் சேர்ந்துதான் அந்த மணம், ஆனால் சென்ட் வாங்கப் போகிறவர் பெயர் தெரிந்துகொள்ள வேண்டியவை நாலைந்துக்கு மேல் இல்லை. ஒன்று, ஃபீனைல் எத்தில் ஆல்கஹால். மெத்தென்று, கொஞ்சம் தேன் தடவின மாதிரி இருக்கும், மூக்கைக் குத்தாது. அப்புறம் சிட்ரோனெலால், ஜெரானியால், நெரால் என்று ஒரு மூவர் கூட்டணி. இதுவும் ரோஜாதான், ஆனால் பச்சை ரோஜா, ஓரத்தில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு கூர்மை இருக்கும்.

இங்கேதான் விஷயம். முதலில் சொன்னது தண்ணீரில் ஓரளவு நன்றாகவே கரையும், மூவர் கூட்டணி அவ்வளவாகக் கரையாது. இதழைக் காய்ச்சும்போது ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் பெரும்பாலும் தண்ணீரோடு, அதாவது பன்னீரோடு போய்விடுகிறது. மற்ற மூன்றும் எண்ணெயாக மேலே மிதக்கின்றன. ஒரே பூவிலிருந்து இரண்டு ரோஜா பிரிந்துவிட்டது. நாம் சின்ன வயதிலிருந்து 'ரோஜா' என்று பழகியது தண்ணீரோடு போன பங்கை. அதனால்தான் காய்ச்சி எடுத்த அசல் ரோஜா எண்ணெயை முதலில் மோக்கிறவர்கள் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, 'இது ரோஜா மாதிரியே இல்லையே, ஏதோ புல் வாசம் அடிக்குதே' என்று. ரோஸ் மில்க் எசன்ஸ்காரர்கள் விவரமானவர்கள், அந்த மெத்தென்ற பங்கைத்தான் முன்னால் நிறுத்திச் சர்க்கரையோடு கொடுக்கிறார்கள். ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் தூக்கலாக இருக்கிற சென்ட்டை நான் வாங்கியிருந்தேன், அக்கா மூக்கு அதைச் சரியாகப் பிடித்துவிட்டது.

இந்த மேலே மிதக்கிற எண்ணெயைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு, முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தது. அவர் மனைவி நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகம் பன்னீர் தயாரித்துச் சூடாகத் தட்டுகளில் ஊற்றும்போது மேலே ஆடை மாதிரி ஒன்று படிவதைக் கவனித்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்துச் சேர்த்திருக்கிறார். ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்தால் சபையே மணக்கிறது என்று பேரரசர் வியந்திருக்கிறார். பாலாடை வழிக்கத் தெரிந்த கைக்குத்தான் இது தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொரு பெயர் பாக்கி இருக்கிறது, டமாஸ்கினோன். ரோஜா எண்ணெயில் அது 0.2 சதவீதம்கூட இருக்காது. ஆனால் தண்ணீரில் லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும், அவ்வளவு காரமான சரக்கு. பீடாவுக்குள் வைக்கிற குல்கந்தை விரலில் தொட்டு மோந்து பாருங்கள், வெந்து கனிந்த, ஜாம் மாதிரியான ஒரு இனிப்பு அடிக்கும், அந்தப் பக்கத்து வாசனை இது. சில ரோஸ் சென்ட் பூ மாதிரி இல்லாமல் பழம் மாதிரி இருப்பதற்குப் பெரும்பாலும் இதன் கைவரிசைதான் காரணம்.

பூ மார்க்கெட்டில் ஒரு கணக்கு

சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு விடிகிற நேரத்தில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். பனமரத்துப்பட்டிப் பக்கமிருந்து அரளி, சன்னமல்லி, சம்பங்கி என்று மூட்டை மூட்டையாக இறங்கும். ரோஜாவில் இரண்டு ஜாதி இருக்கும். ஓசூர்ப் பக்கமிருந்து காகிதத்தில் சுற்றி வருகிற நீளக் காம்பு ரோஜா, பார்க்க ஃபோட்டோ மாதிரி இருக்கும், மூக்கில் வைத்தால் பச்சைத் தண்ணி. இன்னொன்று மாலைக்குப் போகிற பன்னீர் ரோஜா. வெளிறிய நிறம், பூ சின்னது, மத்தியானத்துக்குள் இதழ் உதிர்ந்துவிடும், ஆனால் கோணியைத் திறந்தால் பத்தடிக்கு மணக்கும்.

நீளக் காம்பு ரோஜாவுக்கு ஏன் மணமில்லை என்று கேட்டால், பத்து நாள் வாடாமல் இருக்க வேண்டும், விமானம் ஏற வேண்டும் என்று பார்த்துப் பார்த்து இனம் பிரித்தவர்கள் மணத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். 2015-ல் வெளியான ஒரு ஆய்வு இதைத் துல்லியமாகவே காட்டியது. ரோஜா இதழில் ஜெரானியால் உருவாக ஒரு குறிப்பிட்ட நொதி வேலை செய்ய வேண்டும், மணமில்லாத ரோஜாக்களில் அந்த நொதி ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்கச் சுமார் 3,500 முதல் 4,000 கிலோ வரை பூ வேண்டும், அதுவும் வாசனைக்கென்றே வளர்க்கிற டமாஸ்க் ரோஜா, வெயில் ஏறும் முன் பறித்தது. பல்கேரியாவின் கசான்லிக், துருக்கியின் இஸ்பார்ட்டா, ஈரானின் கம்சார், நம் நாட்டில் உத்தரப்பிரதேசம் என்று அதற்கென்று ஊர்கள் இருக்கின்றன. ஆக, பத்து மில்லி எண்ணெய்க்கு முப்பது கிலோ பூ. கிலோ நூறு ரூபாய்க்கு விற்கிற மலிவான நாள் என்றே வைத்துக்கொண்டாலும் பூவுக்கு மட்டும் மூவாயிரம் ஆகிறது, விறகும் கூலியும் தனி. அப்படியிருக்க 'ஒரிஜினல் ரோஸ் ஆயில்' என்று ஒட்டி, பத்து மில்லியை நூற்றைம்பது ரூபாய்க்குக் கொடுத்தால் அதற்குள் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு காலத்தில் வாங்கியிருக்கிறேன். அந்த பாட்டில் கதை கடைசியில்.

ஆனால் ஒன்று, ஆய்வகத்தில் செய்தது என்றால் மட்டம் என்று முடிவு கட்ட வேண்டாம். மேலே சொன்ன சிட்ரோனெலால், ஜெரானியால் எல்லாம் எங்கிருந்து வந்தாலும் அதே பொருள்தான், மூக்குக்கு வித்தியாசம் தெரியாது. எரிச்சல் எங்கே வருகிறது என்றால், செய்ததைப் பறித்தது என்று பொய் சொல்லி விற்கும்போதுதான்.

பூவே இல்லாத ரோஜா வாசனைக்கு நம் சேர்வராயன் மலைக்கே ஒரு கதை உண்டு. ஜெரேனியம் என்று ஒரு செடி. அதில் வாசனை பூவில் கிடையாது, இலையில்தான், சுரசுரப்பான வெட்டுப்பட்ட இலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வழியாக இந்தியாவில் அது முதலில் வந்து சேர்ந்தது ஏற்காட்டுக்குத்தான் என்று சொல்வார்கள், அப்புறம்தான் நீலகிரி, கொடைக்கானல் எல்லாம். இலையிலிருந்து வடிக்கிற எண்ணெயில் சிட்ரோனெலாலும் ஜெரானியாலும் நிறைய இருப்பதால் சென்ட் செய்கிறவர்கள் ரோஜாவைக் கட்டி எழுப்ப இதைத்தான் அள்ளி அள்ளிப் போடுவார்கள். ஏற்காட்டில் என் பெரியம்மா வீட்டு வாசல் தொட்டியில் ஒரு செடி நிற்கிறது. லேடீஸ் சீட் பக்கத்து ரோஜாத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் சுற்றி, பூவுக்குப் பூ குனிந்து பாதிக்கு மேல் வாசமே வராமல் திரும்பியவன், அந்தத் தொட்டியிலிருந்து ஓர் இலையைக் கசக்கியதும் விரல் நுனியில் ரோஜா. கூடவே கொஞ்சம் புதினா. அந்தப் புதினா வாடைதான் ஜெரேனியத்தின் அடையாளம், ஒரு தடவை பிடித்துவிட்டால் பாதி ரோஸ் சென்ட்டில் அது ஒளிந்திருப்பது தெரிய ஆரம்பிக்கும்.

டீ குடிச்சிட்டு வாங்க

எனக்கு உண்மையில் மோக்கச் சொல்லிக்கொடுத்தது கோட்டைப் பக்கத்தில் ஒரு சின்ன அத்தர் கடை. "பாய், ரோஸ்ல எதாவது காட்டுங்க" என்றேன். அவர் ஒரு குப்பியைத் திறந்து, மூடியோடு ஒட்டியிருந்த கண்ணாடிக் குச்சியால் என் புறங்கையில் ஒரு கோடு இழுத்தார், கடுகளவுகூட இருக்காது. நான் உடனே கையை மூக்குக்குக் கொண்டுபோனேன். "மோக்காதீங்க தம்பி. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்."

டீ குடித்துவிட்டு வந்தால் அது வேறு வாசனை. சாயங்காலம் வீட்டில் மோந்தால் மூன்றாவது வாசனை. காரணம் சாதாரணமானது. லேசான மூலக்கூறுகள் முதலில் பறந்துவிடும், கனமானவை மெதுவாக. எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி மேல் வாசனைகள் கால் மணி நேரத்தில் காலி. ரோஜா அதற்கு அடுத்த வரிசை, நடு வாசனை, மணிக்கணக்கில் நிற்கும். சந்தனம், அகர் கட்டை, பச்சௌலி என்ற இலை, கஸ்தூரி மாதிரி மணங்கள் அடியில் கிடந்து ராத்திரி வரை வரும். கடையில் அட்டையில் அடித்து உடனே மோந்து, உடனே பணம் கட்டுகிறவர் உண்மையில் வாங்குவது அந்தக் கால் மணி நேர எலுமிச்சையை. ரோஜா அப்போது வாயைக்கூடத் திறந்திருக்காது.

அத்தரில் இந்த மேல் வரிசை அவ்வளவாகக் கிடையாது, ஆல்கஹாலும் கிடையாது. உத்தரப்பிரதேசத்து அத்தர் ஊரான கன்னோஜில் பழைய முறைப்படி செய்வதென்றால், செம்பு அண்டாவில் பூவும் தண்ணீரும் போட்டு மூடியைக் களிமண்ணால் அடைத்து, கீழே விறகு வைத்து எரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக இன்னொரு பாத்திரத்துக்குப் போகும். அந்தப் பாத்திரத்தில் ஏற்கெனவே சந்தன எண்ணெய் காத்திருக்கும். சந்தனம் ரோஜாவைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். கன்னோஜ் வாசனைத் திரவியத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆனால் குறியீடு இல்லாமலே நம் கல்யாண வாசல் மேசையில் இதே கூட்டணி உட்கார்ந்திருக்கிறது என்பதை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. மேலே பன்னீர், கீழே சந்தனம். சேர்வராயன், சித்தேரி, ஜவ்வாது என்று சுற்றிலும் சந்தன மரம் நின்ற மலைகள் இருக்கிற நமக்கு இது தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இன்றைக்குச் சந்தன எண்ணெய் விற்கிற விலைக்கு, விலை குறைந்த அத்தர்களில் அடியில் இருப்பது வேறு ஏதாவது மலிவான எண்ணெய்தான்.

ஸ்ப்ரே பாட்டில் என்றால் அட்டைப்பெட்டியில் இ.டி.டி. (ஓ த டாய்லெட்), இ.டி.பி. (ஓ த பர்ஃபம்) என்று போட்டிருப்பார்கள். ஆல்கஹாலில் எவ்வளவு வாசனைச் சரக்கு கரைந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. இ.டி.டி.யில் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம், இ.டி.பி.யில் 15 முதல் 20, பர்ஃபம் என்று மட்டும் இருந்தால் அதற்கும் மேல். கொலோன் 2 முதல் 4 சதவீதம்தான். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், சட்டம் ஒன்றும் இல்லை.

ஆண்கள் ரோஜா போடலாமா என்று கேட்கிறவர்கள் அந்த அத்தர் கடையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் நிற்கட்டும். வந்து ரோஜா வாங்கிப் போகிறவர்களில் முக்கால்வாசி தாடி வைத்தவர்கள்.

ஏற்காடு பஸ்ஸில் நடந்தது

எவ்வளவு போடுவது என்ற பாடத்தை நான் ஊர் முன்னிலையில் கற்றேன். ஐப்பசி மாதம், நல்ல மழை, ஏற்காடு பஸ். கிளம்பும் முன் ரோஜாவும் அகரும் கலந்த ஒரு இ.டி.பி.யைக் கழுத்து, மணிக்கட்டு, சட்டை என்று ஆறு தடவை அடித்துக்கொண்டேன். மழைக்கு ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது. மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவில் பின் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. "யாருங்க அது இவ்ளோ சென்ட்டு?" என்று அந்த அம்மா கேட்க, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரோ போல. ஏனென்றால் எனக்கு அந்த நேரத்தில் வாசனையே தெரியவில்லை, தீர்ந்துவிட்டது போல என்று நினைத்து, இறங்கியதும் இன்னும் ரெண்டு அடிக்கலாம் என்றிருந்தேன்.

மூக்கு அப்படித்தான். தொடர்ந்து ஒரே வாசனை வந்தால் பதினைந்து இருபது நிமிடத்தில் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும், மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறவருக்கு மீன் வாடை தெரியாத மாதிரி. நமக்குத் தெரியவில்லை என்பதால் மற்றவர்களுக்கும் தெரியவில்லை என்று அர்த்தம் இல்லை. சந்தேகமென்றால் வீட்டில் யாரையாவது கேளுங்கள். கடைகளில் மூக்கைச் சரிசெய்யக் காபிக்கொட்டைக் கிண்ணம் நீட்டுவார்களே, அதனால் தனியாகப் பலன் ஒன்றும் இல்லை. 2011-ல் வந்த ஓர் ஆய்வில் காபிக்கொட்டையை மோந்தவர்களும் வெறும் காற்றை மோந்தவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். காபித் தோட்டத்து மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கே வருத்தம்தான். கடைக்கு வெளியே வந்து நின்றால் போதும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில், கீழே வியர்த்து வழிகிற அதே நேரத்தில் மேலே எட்டு டிகிரி குளிர்ச்சி. சென்ட்டுக்கு இது பெரிய வித்தியாசம். வெயிலில் எல்லாம் வேகமாக ஆவியாகும். மேல் வாசனை நாலைந்து நிமிடத்தில் ஓடிவிடும், அப்புறம் அந்த குல்கந்து இனிப்பு ஒரேயடியாகப் பொங்கி நாலு சீட்டுக்குப் பரவும். குளிரில் அதே சென்ட் தோலோடு ஒட்டி அடக்கமாக இருக்கும், பக்கத்தில் வந்தால்தான் தெரியும். என் அனுபவத்தில், சேலத்தில் பங்குனி முதல் ஆனி வரை பச்சையான, எலுமிச்சை ஓரம் உள்ள ரோஜா இ.டி.டி., குளித்துத் துவட்டியதும் இரண்டு அடி, அதோடு சரி. சந்தனம், அகர், பச்சௌலி சேர்ந்த கனமான ரோஜாவை மார்கழிக்கும் ஏற்காட்டுக்கும் எடுத்து வையுங்கள். அங்கே மூன்று அடித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பஸ்ஸில் போகாத வரைக்கும்.

அடிக்கிற இடம் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்குப் பிடித்தது பின்கழுத்தும் முழங்கை மடிப்பும், முகத்துக்கு நேரே இல்லாததால் நம் மூக்கு சீக்கிரம் களைக்காது. மணிக்கட்டில் அடித்தால் இரண்டையும் சேர்த்துத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் மூலக்கூறு உடைந்துவிடும் என்பது கட்டுக்கதை, ஆனால் சூடேறி மேல் வாசனை சீக்கிரம் போய்விடும் என்பது நிஜம். தோல் வறண்டிருந்தால் வாசனை நிற்காது, வாசனையில்லாத வாஸ்லின் ஒரு துளி தடவிக்கொண்டு அதன் மேல் போடலாம். பருத்தித் துணியில் தோலைவிட ரொம்ப நேரம் நிற்கும். பட்டில் மட்டும் கூடவே கூடாது. ஆல்கஹால் வட்ட வட்டமாகக் கறை வைக்கும், அத்தர் எண்ணெய்க் கறை வைக்கும், வெண்பட்டு வேட்டியில் அந்த மஞ்சள் திட்டை எடுக்க எந்தச் சலவைக்காரராலும் முடியவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். முத்து நகை மேலும் படக்கூடாது. தலையில் மல்லிகைச் சரம் வைக்கிற அன்று ரோஸ் சென்ட்டை விட்டுவிடலாம், மல்லிகை யாரையும் பேசவிடாது. கற்பூரம் காட்டும் முன் அடித்துக்கொண்டு போகாதீர்கள், அது ஆல்கஹால், தீப்பிடிக்கும்.

புது பாட்டில் என்றால் முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள், ஜெரானியால், சிட்ரோனெலால் இரண்டுமே சிலருக்கு ஒவ்வாமை தரும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவர் சொல்வதுதான் சட்டம். பாட்டிலை ஸ்கூட்டர் டிக்கியில் வைக்காதீர்கள், சேலத்து மே மாதத்தில் அது ஒரு அடுப்பு.

இத்தனைக்கும் பிறகும் ஒரே பாட்டில் உங்களுக்கு ஒன்றாகவும் உங்கள் அண்ணிக்கு வேறாகவும் தெரியலாம். ரோஜாவில் கொஞ்சமாக இருக்கும் பீட்டா அயனோன் என்ற பொருளைச் சிலர் மூக்கு தெளிவாகப் பிடிக்கும், சிலருக்கு அது பெரிதாகத் தெரியாது, ஒரு மரபணுவில் இருக்கும் வித்தியாசம் அது. பவுடர், லிப்ஸ்டிக் ஞாபகம் வருகிற ரோஜாக்களில் இதன் பங்கு உண்டு. அதனால் ரோஸ் சென்ட்டைப் பரிசாக வாங்குவதென்றால், மோக்கப் போகிறவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியில் சொல்வதாக விட்ட பாட்டில் கதை. அசல் ரோஜா எண்ணெயில் மெழுகு மாதிரி ஒரு பங்கு உண்டு, 20 டிகிரிக்கு அக்கம்பக்கம் குளிர்ந்தால் அது உறைய ஆரம்பிக்கும். போன மார்கழியில் ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது இரண்டு பாட்டில் கொண்டுபோனேன். ஒன்று பணம் சேர்த்து வாங்கிய இரண்டு மில்லி குப்பி, இன்னொன்று அந்த நூற்றைம்பது ரூபாய் 'ஒரிஜினல்'. ராத்திரி ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் கண்ணாடியெல்லாம் பனி வியர்த்திருந்தது. சின்னக் குப்பிக்குள் ஊசி ஊசியாகப் படிகம், சாய்த்தால் கூழ் மாதிரி நகர்ந்தது. கைக்குள் பொத்தி வைத்தேன், ஒரு நிமிடத்தில் மறுபடி எண்ணெய். 'ஒரிஜினல்' தண்ணீர் மாதிரி அலம்பிக்கொண்டிருந்தது. (உறைந்தால் அசல் என்று நூறு சதவீதம் நம்பவும் வேண்டாம், மெழுகு கலந்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தக் குளிரிலும் உறையவே இல்லையென்றால், காய்ச்சி எடுத்த எண்ணெய் என்று சொன்னது பொய்.)

வெற்றி பெற்ற பெருமையில் குப்பியை அம்மாயி (அம்மாவைப் பெற்ற பாட்டி) மூக்கருகே கொண்டுபோனேன். எண்பது வயது மூக்கு. இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது ரோசாப்பூ இல்லீயே கண்ணு, வேற என்னமோ தழை" என்றது. சரி என்று போலியையும் காட்டினேன். அம்மாயி முகம் மலர்ந்துவிட்டது. "இது, இதுதான். அப்படியே எங்க கல்யாணத்துப் பன்னீரு."

போலி இப்போது அம்மாயியிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்துக்கு ஒரு சொட்டு, சேலைத் தலைப்பில் ஒரு சொட்டு.